ஒழுக்கமுள்ள தொட்டி

ராத்திரி பத்தேகால் மணி. கூடத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு மீன் தொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குப் பின்னால் மகளுடைய லேப்டாப், திரை முழுக்க வெள்ளையாக. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி கதவருகிலேயே நின்றாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாள். தண்ணீரும் குடிக்கவில்லை.

நான் செய்துகொண்டிருந்தது முறையான ஆராய்ச்சி. கண்ணாடியில் சாதா, டஃபன்டு என்று இரண்டு ரகம். சாதாவில் வைர முனை வைத்த பிட்டால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே பொறுமையாக ஓட்டை போடலாம். டஃபன்டில் பிட் இறங்கினால் ஓட்டை விழாது, தொட்டியே விழும். அதுவும் கார் ஜன்னல் கண்ணாடி மாதிரி கற்கண்டு கற்கண்டாக. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எல்சிடி திரையைப் பின்னால் வைத்து, போலராய்ஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தால் மட்டும் டஃபன்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தபோது உள்ளே தங்கிப்போன இறுக்கம் கருந்திட்டுகளாகத் தெரியும்.

ஒரு திட்டும் தெரியவில்லை. ஓட்டை போடலாம் என்று அறிவியல் அனுமதி கொடுத்துவிட்டது. தொட்டியின் சொந்தக்காரன்தான் கொடுக்கவில்லை.

சொந்தக்காரன் என் மச்சான். துபாய்க்குப் போகிறபோது நான்கடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, விரல் நீளத்தில் இரண்டு ஆஸ்கார் மீன்கள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, “ரெண்டே வருஷம் மாமா, பத்திரமா பாத்துக்கங்க” என்றான். ஒரு கீறல் விழக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. அவனிடம் போனில் “பின் கண்ணாடியில சின்னதா ஒரு ஓட்டை…” என்று ஆரம்பித்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அக்காகிட்ட குடுங்க” என்றான்.

விரல் நீள ஆஸ்கார்கள் ஓரடியை நெருங்கிக்கொண்டிருந்தன. பெரியதற்கு மகள் வைத்த பெயர் மேனேஜர். காலை ஒன்பது மணிக்கு நான் செருப்பு மாட்டும்போது கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நேரம் பார்க்கும். சின்னது அசிஸ்டெண்ட். மேனேஜர் துப்பியதைத் தின்னும். இரண்டும் தின்கிற தீனிக்குத் தொட்டியின் ஓரத்தில் மாட்டியிருந்த குட்டி ஃபில்டர் ஈடுகொடுக்கவில்லை. ஏரியில் எருமை இறங்கிய மாதிரி தண்ணீர் நாளுக்கு நாள் கலங்கியது.

மீன் தின்பதில் ஒரு பங்கு செவுள் வழியாக அமோனியாவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. அது விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அது ஓரளவுக்குப் பரவாயில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளிக்கலாம். இந்தப் பாக்டீரியாக்கள் கேட்பது இரண்டே: ஒட்டிக்கொள்ள இடம், மேலே ஓடிக்கொண்டேயிருக்கும் தண்ணீர். என் குட்டி ஃபில்டர் அவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம் மாதிரி. நான்கு பேர் இடத்தில் நாற்பது பேர். அவர்களுக்கு விசாலமாக ஒரு காலனி கட்டித்தர வேண்டும். அதற்குப் பெயர் சம்ப். பெரிய தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி. மேலிருந்து தண்ணீர் வழிந்து கீழே வரும். அங்கே ஸ்பாஞ்சு, செராமிக் ரிங், லாவாக் கல் எல்லாவற்றையும் தாண்டி ஓடும். கடைசி அறையில் இருக்கும் மோட்டார் மறுபடி மேலே ஏற்றும்.

“கூடத்துல சம்ப் கட்டப் போறேன்” என்று மனைவியிடம் சொன்னது என் தவறு. சென்னையில் சம்ப் என்றால் ஒன்றுதான்: தரைக்கடியில் இருப்பது, லாரித் தண்ணீர் விடுவது, மூடி கனமானது. அவள், “நாம இருக்கறது ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ங்க” என்றாள், கூலிங் கிளாஸ் போட்ட மனுஷனிடம் பேசுகிற பக்குவத்தோடு.

கொளத்தூருக்குப் போனேன். வண்ண மீனுக்கு நாடறிந்த இடம் அது. அங்கே ஒரு கடைக்காரர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “காலித் தொட்டியா கொண்டாங்கண்ணே, அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தரேன். ஒடஞ்சா மட்டும் நான் பொறுப்பில்ல” என்றார். அந்த “மட்டும்” வயிற்றைக் கலக்கியது. தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் ஒன்பது கன அடி, சுமார் 255 லிட்டர். அதைக் காலி செய்து, இரண்டு ஆஸ்காரைப் பக்கெட்டில் குடிவைத்து, எட்டு மில்லிக் கண்ணாடியைக் குட்டி யானையில் ஏற்றி, பாடி மேம்பாலத்தில் தட்டாமல் முட்டாமல்… ஓட்டை போடாமலே செய்துகொள்கிறேன் என்று ஒரு பழைய இரண்டரை அடித் தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதாவது, தொட்டி ஒழுகக் கூடாது. ஆனால் ஒழுக வேண்டும். வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு, வேண்டும்போது மட்டும். ஒழுகுவதற்கும் ஒழுக்கத்துக்கும் தமிழில் ஏன் ஒரே வேர் என்பது எனக்கு அடுத்த மூன்று வாரத்தில் புரிந்தது.

முதலில் செய்தது எந்த முட்டாளுக்கும் தோன்றுகிற வழி. பைக்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி இன்னொரு பைக்குக்கு ஊற்றாத இளைஞன் எங்கள் காலத்தில் கிடையாது. ட்யூபின் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே, வாயால் ஒரு இழு. அதே சைஃபன்தானே? மேல் தொட்டியில் ஒரு குழாய், கீழ்த் தொட்டியில் மறுமுனை, நடுவில் ஒரு பால் வால்வு. கீழிருந்து மோட்டார் எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவையே வால்வைத் திருகி இறக்கிவிட்டால் முடிந்தது.

ஒரு மணி நேரம் திருகினேன். மயிரிழை இப்படி, மயிரிழை அப்படி. கடைசியில் இரண்டு தொட்டியிலும் மட்டம் அசையாமல் நின்றது. ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டு, வெற்றி வீரனாகத் தோசை சாப்பிடப் போனேன். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும். கீழ்த் தொட்டியில் இருந்த வெற்றிடம் முப்பத்தைந்து லிட்டர். நான்காவது தோசைக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நடுவில் மகள் கூடத்திலிருந்து, “அப்பா, கார்ப்பெட் மிதக்குது” என்றாள்.

கீழ் வீட்டு அக்கா மறுநாள் காலையில் வந்தார். கோபப்படவில்லை. “எங்க ஹால் சீலிங்ல இந்தியா மேப் மாதிரி ஒண்ணு வந்திருக்கு தம்பி. ஸ்ரீலங்கா வர்றதுக்குள்ள நிறுத்திடுங்க” என்றார்.

இந்தக் கட்டத்தில்தான் மாமனார் வந்து சேர்ந்தார். தன் மகளைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். கையில் டார்ச் லைட்டும் டேப்பும் இருந்தன. தன் மகன் சொத்தில் மருமகன் துளைபோடப் போகிறான் என்ற செய்தி துபாய் வழியாக மதுராந்தகத்துக்குப் போயிருக்கிறது.

மாமா பொதுப்பணித் துறையில் ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஏரிதான். சோற்றில் குழி செய்து ரசம் விட்டுக்கொண்டால்கூட ஓரத்தில் சோற்றை ஒரு விரற்கடை தணித்து விட்டுத்தான் சாப்பிடுவார். அவர் என் ஏற்பாட்டைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், வால்வைத் தொடவில்லை.

“மாப்ள, இதுல மதகு இருக்கு. கலிங்கு எங்க?”

எனக்குப் புரியவில்லை.

“மதகுன்றது நாம தொறந்தா தொறக்கும், மூடினா மூடும். அதுக்கு மட்டம் தெரியாது. உங்க சைஃபனும் அப்படித்தான், வாய் முங்கியிருக்கிற வரைக்கும் குடிச்சிக்கிட்டே இருக்கும். கலிங்குக்குத்தான் மட்டம் தெரியும். ஏரி ரொம்பினா மிஞ்சறத மட்டும் வெளிய விடும். அதுக்குக் கீழ ஒரு சொட்டு விடாது. ஆள் வேணாம், வால்வு வேணாம்.”

ஏரிக்குக் கலிங்கு கட்ட வேண்டுமானால் கரையை ஓரிடத்தில் தணித்து, கல் வைத்துக் கட்டுவார்கள். தொட்டியில் ஓட்டை போடுவது என்பது அதுதான். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை, அந்த மட்டத்துக்கு மேல் வந்த தண்ணீர் தானாக வெளியே. என் சிக்கல், கரையை வெட்டாமல் கலிங்கு கட்டுவது. இதைச் சொன்னதும் மாமாவின் முகத்தில் பத்து வயது குறைந்தது. மகனுடைய தொட்டியைக் காப்பாற்ற வந்தவர், அன்று மத்தியானம் தூங்காமல் பேத்தியுடைய டிராயிங் நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் போட்ட படத்தை நான் எழுத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு ‘ப’. அதையடுத்து ஒரு கவிழ்த்த ‘ப’. மறுபடி ஒரு நேர் ‘ப’. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே குழாய். முதல் ப தொட்டிக்கு உள்ளே; கவிழ்ந்த ப கரையேறித் தாண்டுவது; மூன்றாவது ப வெளியே தொங்குவது. உள்ளே இருக்கும் முதல் காலின் உச்சியில், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டுமோ அங்கே ஹேக்சா பிளேடால் சீப்பு மாதிரி வெட்டுகள். அதுதான் கலிங்கு. வெட்டுக்கு மேல் ஏறிய தண்ணீர் உள்ளே விழும், கீழே போகும், மேலே ஏறும், கரை தாண்டும், இறங்கும், மறுபடி ஏறி, கடைசிக் காலின் உச்சியில் T வடிவ ‘டீ’ வழியாகச் சம்புக்குப் போகும்.

இத்தனை வளைவு எதற்கு என்றேன். மாமா, “கொத்தனார் ட்யூப் மட்டம் பாத்திருக்கீங்களா?” என்றார். வீடு கட்டுகிற இடத்தில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் ட்யூபை இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அது. ட்யூப் நடுவில் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இதுவும் அதேதான். கரண்ட் போய் மோட்டார் நின்றால் தண்ணீர் வெட்டு மட்டத்துக்கு இறங்கி நிற்கும். இரண்டு பக்கமும் ப வடிவப் பள்ளம் இருப்பதால் குழாய் காலியாகாது, காற்று புகாது, சைஃபன் அறுந்துபோகாது. கரண்ட் வந்து மட்டம் ஒரு விரல் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். அந்த டீயின் மேல் வாயை மட்டும் திறந்தே வைக்க வேண்டும். மூடினால் கீழே இறங்கும் குழாயும் ஒரு சைஃபனாகி, வெளியே உள்ள ப-வை உறிஞ்சிக் காலி செய்துவிடும்.

ஹார்டுவேர் கடையில், “ஒரு இஞ்ச்ல ஆறு எல்போ, ஒரு டீ” என்றேன். டீக்கடையில் ஆர்டர் கொடுத்த மாதிரி இருந்தது. பையன் கவுண்டரில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, “எந்த பாத்ரூமுக்குண்ணே?” என்றான். “மீனுக்கு” என்றேன். மீனுக்கு எதற்கு பாத்ரூம் என்று அவன் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரியான பதில்.

சம்புக்குள் கண்ணாடித் தடுப்புகளை மாமாவே ஒட்டினார். சிலிக்கான் காய்கிறவரை வீடு முழுக்க வினிகர் வாடை. மனைவி இரண்டு முறை ஃபிரிட்ஜைத் திறந்து எந்த ஊறுகாய் கெட்டுப்போயிற்று என்று தேடினாள்.

குழாயை மாட்டி, கவிழ்ந்த ப-வின் முதுகில் ஒரு பொடித் துளை போட்டு, அதில் ஏர் ட்யூபைச் செருகி எம்-சீல் வைத்து அடைத்தோம். ஓட்டை போடக் கூடாது என்று ஆரம்பித்த வேலையில் அது முதல் ஓட்டை. அந்த ட்யூப் வழியாக உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் ஏறி, மேலே கைகோத்துக்கொள்ளும். உறிஞ்சுவது மாப்பிள்ளையின் வேலை என்று ஏகமனதாக முடிவானது. மேனேஜர் எதிரே வந்து நின்று பார்த்தது. வாயில் தண்ணீர் வந்ததும் நிறுத்த வேண்டும் என்றார் மாமா. எப்போது வந்தது என்று எனக்குத் தெரிந்தபோது பாதி உள்ளே போயிருந்தது. அன்றிலிருந்து ஆஸ்காருக்குப் போடும் தீனியின் ருசி எனக்குத் தெரியும். குறை சொல்ல மாட்டேன், உப்பு கம்மி.

ஓடியது. அழகாக, சத்தமில்லாமல். சீப்புப் பற்களுக்கிடையில் மேல்மட்டத் தண்ணீர் ஏடு உட்பட வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மாமா தொட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் ‘எஃப்டிஎல்’ என்று எழுதினார். முழு நீர்மட்டம். அதற்கு மேலே ஒரு கோடு, ‘எம்டபிள்யூஎல்’, உச்ச நீர்மட்டம். அதற்கும் மேலே விளிம்புவரை ‘ஃப்ரீ போர்டு’. மதுராந்தகம் ஏரிக்கு இருக்கிற மரியாதை என் தொட்டிக்கும் கிடைத்தது.

மறுநாள் விடியற்காலை நான்கரைக்கு ஒரு சத்தம். ‘களக்… களக்… கர்ர்ர்’. தொண்டையில் சளி கட்டியவர் வாய் கொப்பளிக்கிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஓடுகிற தண்ணீரோடு வந்த குமிழிகள் கவிழ்ந்த ப-வின் உச்சியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, விடிவதற்குள் அங்கே ஒரு காற்றுக் குப்பி உட்கார்ந்துவிட்டது. சைஃபன் அறுந்துவிட்டது. மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது. அது விசுவாசமாக மேலே ஏற்றிக்கொண்டேயிருந்தது. எஃப்டிஎல் போயிற்று, எம்டபிள்யூஎல் போயிற்று, ஃப்ரீ போர்டும் போயிற்று.

மாமா பல்கூடத் தேய்க்காமல் கணக்கில் உட்கார்ந்தார். தொட்டியின் பரப்பு ஆறு சதுர அடி. அதில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் ஏறினால் ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. விளிம்புவரை இரண்டரை சென்டிமீட்டர் விட்டால் பதினான்கு லிட்டர் தாங்கும். “அப்ப மோட்டார் இருக்கிற ரூம்ல பன்னெண்டு லிட்டருக்கு மேல தண்ணியே இருக்கக் கூடாது. சைஃபன் செத்தாலும் மோட்டார் அந்தப் பன்னெண்டக் குடிச்சிட்டுக் காஞ்சி நிக்கும். மோட்டார் போனாலும் வீடு போவாது.” தடுப்பை நகர்த்தி ஒட்டினார். மறுபடி வினிகர். கவிழ்ந்தாலும் கரையை உடைக்காத ஏற்பாடு. வெள்ளத்தை வரவிடாமல் செய்வது இல்லை, வந்தால் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. என் மூன்று வார அனுபவத்தில் எனக்குப் பிடித்த கணக்கு அதுதான்.

குமிழிக்கு என்ன செய்வது? மாமா டீ குடித்துக்கொண்டே கர்நாடகத்துக்குப் போய்விட்டார். தும்கூர் மாவட்டத்தில் சிம்ஷா ஆற்றின் மேல் மார்க்கோனஹள்ளி அணை. அங்கே உபரி நீரை வெளியேற்றத் தானியங்கிச் சைஃபன்கள் உண்டு. மட்டம் ஏறினால் தானே பிடித்துக்கொள்ளும். கணேச ஐயர் என்ற பொறியாளரின் சுருள் சைஃபன். புனல் மாதிரி வாய், அதில் சுருள் சுருளாகத் தடுப்பு. விளிம்பு தாண்டிய தண்ணீர் சுழன்றுகொண்டே இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். காற்று போனதும் சைஃபன் முழு வேகத்தில் பிடித்துக்கொள்ளும். “வாய வெச்சி உறிய ஆள் நிக்க வேணாம்” என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு இஞ்ச் குழாயில் கணேச ஐயரின் சுருளைக் கொண்டுவர எங்களால் முடியவில்லை, முயன்றோம். ஆனால் காற்றை ஓடுகிற தண்ணீரே இழுத்துக்கொள்ளட்டும் என்ற யோசனை நின்றது. பவர்ஹெட் என்று ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. அதன் வாயருகில் தண்ணீர் குறுகலான வழியில் வேகமாகப் பாயும்போது பக்கத்தில் உள்ள துவாரம் காற்றை உறிஞ்சும். தொட்டியில் குமிழி விடுவதற்காக வைத்த வசதி அது. அந்தத் துவாரத்தில் என் எச்சில் பட்ட ஏர் ட்யூபைச் செருகிவிட்டோம். இப்போது கவிழ்ந்த ப-வின் உச்சியில் சேருகிற குமிழியை அது இருபத்துநாலு மணி நேரமும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. நான் செய்த வேலையை, முகம் சுளிக்காமல்.

மோட்டாரையும் மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் மெதுவாக ஓடினால் குமிழிகளை அடித்துக்கொண்டு போகத் தெம்பிருக்காது. அட்டைப்பெட்டியில் மணிக்கு 2000 லிட்டர் என்று போட்டிருந்த மோட்டார், நான்கடி உயரம் ஏற்றச் சொன்னதும் பாதிக்குத் தேறவில்லை. அந்த 2000 என்பது ஏற்றமே இல்லாமல் சமதளத்தில் தள்ளுகிற கணக்காம். “கல்யாணத் தரகர் சொல்ற சம்பளம் மாதிரி மாப்ள. புடித்தம் போகத்தான் கைக்கு” என்றார் மாமா. என் சம்பந்தத்தில் தரகர் சொன்ன தொகை அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது போல. நான் பேச்சை மாற்றினேன்.

அடுத்தது மெயின் ஸ்விட்ச் சோதனை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நாமே பார்த்துவிட வேண்டும். மாமா டார்ச்சோடு தொட்டியருகில், நான் ஸ்விட்ச் போர்டில், மகள் மூன்று பக்கெட்டுகளோடு தயார்நிலையில். “ஆஃப்!” என்றார். அணைத்தேன். இந்த ஏற்பாட்டில் நாங்கள் கணக்கில் எடுக்காதது, மணி எட்டு நாற்பது என்பது. மனைவி பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் ஏழு வாரமாக மறைத்துவைத்த கடிதத்தை மாமியார் அப்போதுதான் பிரித்திருக்கிறாள்.

இருட்டில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று மாமாவுடையது: “பக்கெட்டு! பக்கெட்டு!”

கலிங்கு ஒழுங்காக நின்றுவிட்டது. மோசம் செய்தது திரும்பி ஏறும் குழாய். அதன் வாயை அழகுக்காகத் தண்ணீருக்குள் இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருந்தேன். மோட்டார் நின்றதும் அந்தக் குழாய் திசை மாறி, மேல் தொட்டியைக் கீழே உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. அதன் வாய் வெளியே தெரிகிறவரை உறிஞ்சியிருந்தால் நூற்றுப்பத்து லிட்டர். மாமா குழாயை வெடுக்கென்று தூக்கிப் பிடித்தார். சட்டை முழுக்க நனைந்து, ஏரியில் முங்கி எழுந்தவர் மாதிரி, “இதுக்கு மட்டும் தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒரு ஓட்டை போடணும் மாப்ள” என்றார். விஷயம் எளிது. நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே குழாயில் ஒரு துளை. மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். ஐந்தாறு லிட்டரோடு போயிற்று. இது இரண்டாவது ஓட்டை.

கடிதத்தில் என்ன இருந்தது என்று மனைவிக்கு மறுநாள் மத்தியான மறுஒளிபரப்பில்தான் தெரிந்தது. அதுவரை எங்கள் இருவருக்கும் காபி கிடைக்கவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை என்று செய்தி வந்தது. இதுதான் முழுப் பரீட்சை. நான் லீவு போட்டேன். காரணம் கேட்டபோது வாய் தவறி, “மேனேஜருக்கு மூச்சு முட்டும், கூட இருக்கணும்” என்று சொல்லிவிட்டேன். போனின் மறுபக்கம் இருந்தவர் என் மேனேஜர்.

ஒன்பதுக்கு எல்லாம் நின்றது. மட்டம் வெட்டு வரை இறங்கியது, நின்றது. சம்பில் தண்ணீர் ஏறி விளிம்புக்கு ஒரு கை கீழே நின்றது. மீன்களுக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு வைத்தோம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் அங்கேயே.

காவல் காக்கிறவருக்குப் பேச்சுத் துணை வேண்டுமல்லவா, எங்களுக்கு ஏரி காத்த ராமர் கதை சொன்னார். 1790-களில் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிக்கரை அடைமழையில் உடைந்துவிடும் என்று நடுராத்திரி பார்க்கப் போனாராம். கரைமேல் வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்தாராம். கரை உடையவில்லை. அந்த ஊர் ராமர் கோயிலில் தாயார் சந்நிதி கட்டித்தருவதாக ஒப்புக்கொண்டாராம். சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட கதையை மகள் நூற்றோராவது தடவையாக வாய் பிளந்து கேட்டாள். நான் மாமாவைப் பார்த்தேன். மடியில் டார்ச், கையில் டேப். வில்லும் அம்பும்தான் பாக்கி.

“ஒரே ஒரு விஷயம் மாப்ள” என்றார் நடுவில். “மேல் ஏரி ரொம்பிக் கீழ் ஏரிக்கு வரும், அது வழிஞ்சி அடுத்த ஊருக்குப் போவும். முப்பது வருஷம் அதத்தான் பாத்தேன். கீழ் ஏரித் தண்ணி மேல் ஏரிக்கு ஏறிப் போறத எலெக்‌ஷன் நோட்டீஸ்ல தவிர இங்கதான் பாக்கறேன்.”

இரண்டு மணிக்குக் கரண்ட் வரவில்லை. இரண்டு பத்துக்கு ஃபிரிட்ஜ் உறுமியது. மோட்டார் முனகியது. திரும்பும் குழாயின் துளையில் காற்று புஸ்ஸென்று போய், தண்ணீர் பீய்ச்சியது. மேல் மட்டம் ஏற ஆரம்பித்தது. பென்சில் கோட்டைத் தொட்டது. சீப்பு வெட்டுக்குள் சிணுங்கிக்கொண்டு நுழைந்தது. வெளியே டீயில் ஒன்றுமில்லை. மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். மகள் பக்கெட்டைத் தூக்கிவிட்டாள். யாரும் மூச்சு விடவில்லை, மேனேஜர் உட்பட.

‘களக்’ என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் சம்பில் கொட்டுகிற சத்தம், ஒரே சீராக.

“கோடி போகுது!” என்று மாமா கத்தினார். எங்கள் பக்கத்து ஊர்களில் ஏரி நிரம்பி வழிந்தால் அப்படித்தான் சொல்வார்கள். ஊரே போய் மஞ்சளும் குங்குமமும் பூவும் போடும். மாமா எழுந்து பூஜை அறைக்குப் போனார். சாமி படத்திலிருந்து நான்கைந்து சாமந்தி இதழ்களைக் கிள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் தூவினார். கீழ் வீட்டு அக்கா கதவருகே நின்று, என்ன விசேஷம் என்று கேட்டார். மனைவி, “ஒண்ணுமில்லக்கா, ஸ்ரீலங்கா வராது” என்றாள்.

ஒரு இதழை மேனேஜர் விழுங்கித் துப்பியது. அசிஸ்டெண்ட் அதைத் தின்றது. மீதி இதழ்கள் மேல்மட்டத்தில் மிதந்து, மெல்ல வரிசைகட்டி, கலிங்கை நோக்கி நகர்ந்தன. அந்த நகர்வைப் பார்த்து மாமா தலையாட்டினார். இழுப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் இதழ் சீப்பின் பல்லில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அதன் பக்கத்தில். மூன்றாவது, நான்காவது. கொட்டுகிற சத்தம் கொஞ்சம் மெலிந்தது. பென்சிலில் எழுதிய எஃப்டிஎல் தண்ணீருக்குள் முங்கியது.

“மாப்ள,” என்றார் மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. “கலிங்குல அடைப்பு.”